வெள்ளிக்கிழமை எனக்குச் சைவம், பில்லுக்கு மட்டும் கோழி

சீஆர் கொப்பிக்காரி கேட்டது:

வணக்கம். கேள்வி சின்னதுதான், ஆனால் சுற்றி வளைத்துச் சொன்னால்தான் விளங்கும். நேரம் இருப்பவர்கள் மட்டும் வாசியுங்கள்.

எனக்கு 26 வயது, ஊர் அச்சுவேலி. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், ஓர் அன்ரியின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இன்னொரு பிள்ளையுடன் இருக்கிறேன். வேலை கோட்டையில், கப்பலில் சாமான் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதியில். சம்பளம் 85,000. அதில் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதம், 6,800 ரூபா, கையில் படுமுன்னமே போய்விடும். முதலாளி தன் பங்குக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார் என்பதை நினைத்துத்தான் அந்த 6,800 ஐ மாதாமாதம் மன்னிக்கிறேன்.

மிச்சம் 78,200. வீட்டுக்கு 25,000. வாடகையில் என் பாதி 20,000. அலுவலகச் சீட்டு 10,000. பன்னிரண்டு பேர் பிடிக்கிறோம், என் முறை பதினோராவது, அதுவரைக்கும் யாரும் வேலையை விட்டுப் போகக் கூடாது என்று நேர்த்தி வைத்திருக்கிறேன். எல்லாம் போக 23,200. முப்பதால் பிரித்தால் ஒரு நாளைக்கு 773 ரூபா. இந்த 773தான் என் ராச்சியம்.

ராச்சியத்தின் வரவு செலவு முழுவதும் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. தடித்த மட்டை, மூலையில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. போன செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்தால்: பாதிப் பாண் 70. தேங்காய் 190, அதில் அறைத்தோழி தந்தது 95. முருங்கைக்காய் மூன்று, 120. பிளேன்டீ 50. இந்த பிளேன்டீக்குப் பக்கத்தில் "தேவையில்லாதது" என்று சிவப்புப் பேனையால் நானே எழுதியிருக்கிறேன். அன்று நல்ல மழை, ரயிலும் பிந்தியது, தேவைப்பட்டதுதான். ஆனால் கொப்பிக்கு மழை வெயில் தெரியாது.

அந்தத் தேங்காய் மூன்று நாள் போகும். ஒரு பாதியில் சம்பல். மற்றப் பாதியில் முதற்பால் சொதிக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு. 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தொட்டபோது பழகியது. அந்த நாட்களில் எங்கள் சம்பலில் தேங்காயை விட வெங்காயம்தான் கூட.

லைட் பில் இன்னொரு கதை. அனெக்ஸுக்குத் தனி மீட்டர். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் பில்லுக்கு வேறு கணக்கு; அறுபத்தோராவது யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், நிலைக்கட்டணமும் ஏறும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் டோர்ச் அடித்து மீட்டர் பார்ப்போம். 50 தாண்டிவிட்டால் ஸ்திரிக்கைப் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும். கடைசி வாரத்தில் நான் கசங்காத துணிச் சட்டைகளை மட்டுமே போடுகிறேன் என்பதை அலுவலகத்தில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படி இருப்பதில் எனக்குக் கவலை ஒன்றும் இல்லை, உண்மையில் பிடித்தும் இருக்கிறது. ரயில் சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வருகிறேன். கொள்ளுப்பிட்டி வரைக்கும் ஒரு பக்கம் முழுக்கக் கடல். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் அலைத் தூறல் ஜன்னலால் வந்து முகத்தில் அடிக்கும். பக்கத்தில் ஏசிக் காரில் காலி வீதி நெரிசலில் நிற்பவர்களுக்கு அது கிடையாது.

பிரச்சினை வெள்ளிக்கிழமையில் இருக்கிறது.

எங்கள் பகுதியில் பயிலுநர் பொடியனையும் சேர்த்துப் பத்துப் பேர். அவன் வெள்ளிக்கிழமை மத்தியானம் வங்கிக்குப் போய்விடுவான், ஆகவே மேசையில் ஒன்பது. மற்ற நாட்களில் அவரவர் சாப்பாட்டுப் பெட்டி. வெள்ளிக்கிழமை மட்டும் வெளியே ஓடர் பண்ண வேண்டும் என்பது மனேஜர் ஆரம்பித்த வழக்கம். நானா ஒருவர் ஜும்ஆவுக்குப் போய் வரும் வரைக்கும் காத்திருந்து, ஒன்றே முக்காலுக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அது நல்ல நேரம், பகிடியும் சிரிப்புமாய் இருக்கும். அதைக் கைவிடவும் நான் விரும்பவில்லை.

ஆனால் எனக்கு வெள்ளிக்கிழமை சைவம். மேசைக்கு வருவது சிக்கன் பிரைட் ரைஸ், சிக்கன் டெவல், ஹொட் பட்டர் கணவாய், ஒரு ஓரத்தில் எனக்கென்று ஒரு வெஜிடபிள் பிரைட் ரைஸ். முட்டை போடாமல் என்று இரண்டு தரம் சொல்லியும் முட்டையோடு வரும், நான் பொறுக்கிப் பக்கத்தில் வைப்பேன். "அனே நங்கி, எங்களுக்கும் கொஞ்சம்" என்று ஆளுக்கொரு கரண்டி அதிலும் போகும். பிறகு எங்கள் சீனியர் அக்கா போனில் கல்குலேட்டரைத் திறந்து "பெதலா தாமு" என்பார். பிரித்துப் போடுவோம் என்று அர்த்தம். போன வெள்ளி பில் 16,650. ஒன்பதால் பிரித்தால் 1,850. என் சோறு 950.

நாலு வெள்ளிக்கு 3,600 ரூபா நான் தொடாத கோழிக்குக் கொடுக்கிறேன். 2025 இல் என்றால், இன்னும் கொஞ்சம் போட்டு அந்தக் காசுக்கு 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றையே மாற்றியிருக்கலாம். ஐந்து வெள்ளி வருகிற மாதமென்றால் கலண்டரைப் பார்க்கவே நெஞ்சு இடிக்கிறது.

செய்து பார்த்தவை: ஒரு வெள்ளி வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனேன். "என்ன, எங்களோடு கோபமா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். அடுத்த வெள்ளி விரதம் என்றேன். "சரி, சும்மா வந்து இரு" என்று கதிரை இழுத்துப் போட்டார்கள். பில்லைப் பிரிக்கும்போது பழக்கதோஷத்தில் ஒன்பதாலேயே பிரித்தார்கள், நானும் வாய் திறக்காமல் கொடுத்தேன். வெறும் தண்ணீர் குடித்துவிட்டு 1,700 ரூபா கொடுத்த ஒரே மனுஷி கொழும்பில் நானாகத்தான் இருப்பேன்.

முகம் கோணாமல், மேசையையும் விடாமல், கசவாரம் என்று பெயரும் எடுக்காமல் இதிலிருந்து எப்படி வெளியே வருவது?


கொத்துப்பிரியன் எழுதியது:

வெள்ளிக்கிழமையும் கோழி சாப்பிடத் தொடங்குங்கள். பிரச்சினை முடிந்தது, அடுத்த கேள்வி.


சீஆர் கொப்பிக்காரி எழுதியது:

அச்சுவேலிக்குக் கோல் எடுத்து அம்மாவிடம் இதை நீங்களே சொல்லுங்கள். இலக்கம் வேண்டுமா?


வாராக் கணக்கன் எழுதியது:

நானும் கணக்குக்காரன்தான், உங்கள் வலி தெரியும். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்திலும் இதே கதை. நான் புத்திசாலித்தனமாய் ஒரு எக்செல் பக்கம் செய்தேன். ஆட்கள் ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம், யார் எதில் எத்தனை பங்கு எடுத்தார் என்று பெட்டிகளில் குறித்தால் தானாகவே கணக்கு வரும். ஒரு துண்டு கோழி வரைக்கும் சரியாய் வந்தது. வட்ஸ்அப் குறூப்பில் பெருமையாய்ப் போட்டேன். அன்றிலிருந்து என் பெயர் "இன்லன்ட் ரெவெனியூ". நான் மேசைக்கு வந்தால் "ஒளியுங்கோடா, வரி அறவிட வந்துவிட்டார்" என்பார்கள். மூன்று வருடமாகிறது, வேலையும் மாறிவிட்டேன், அங்கிருந்த ஒருவர் இங்கேயும் வந்து சேர்ந்து பெயரையும் கொண்டுவந்துவிட்டார்.

கணக்கு சரியாய் இருந்தது, அதை நீட்டிய நேரம்தான் பிழை. சாப்பிட்டு ஏப்பம் விட்டவனிடம் பெட்டியில் சரி போடச் சொன்னால் கோபம்தான் வரும்.

இன்னொன்று, சீட்டில் பதினோராவது ஆளாய் இருப்பது நல்லதுதான், ஆனால் முன்னால் எடுத்தவர்கள் கட்டி முடிக்கும் வரைக்கும் கண் வைத்திருங்கள்.


தெஹிவளை அக்கா எழுதியது:

தங்கச்சி, நீர் எழுதினதை வாசித்துச் சிரித்துவிட்டு, பிறகு எனக்கு நானே வெட்கப்பட்டேன். ஏனென்றால் எங்கள் அலுவலகத்தில் அந்தக் கல்குலேட்டர் அக்கா நான்தான். பதினெட்டு வருடமாய்ப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் சுகமான கணக்கு, அவ்வளவுதான். உம்முடைய அக்காவும் அப்படித்தான் இருப்பார். அவர் மேல் கோபப்படாதேயும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடர் எடுக்கிற ஆளாய் நீர் மாறும். இப்போது யார் எடுக்கிறார்? யாராய் இருந்தாலும் அவருக்கு அது ஒரு தொல்லைதான், "நான் எடுக்கிறேன்" என்றால் கையெடுத்துக் கும்பிட்டுத் தருவார். பிறகு கொப்பியையும் பேனையையும் கொண்டு ஒவ்வொரு மேசையாய்ப் போம். "உங்களுக்கு என்ன?" என்று கேட்டு, பெயருக்கு நேரே சாப்பாட்டையும் விலையையும் எழுதும். விலையை வாயால் சொல்லியே எழுதும். காசையும் அப்போதே வாங்கும். பசி நேரத்தில் தன் சோற்றுக்குக் காசு கொடுக்க யாரும் முகம் கோண மாட்டார்கள். சாப்பிட்ட பிறகு கேட்டால்தான் அது கணக்கு.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. 2022 இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடைகள் பாதி பூட்டி. அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டில் தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்களைப் போலத் தனியாருக்கு அதுவும் இல்லை. அப்போது நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கொரு கறி என்று பேசிக்கொண்டோம். விறகில் சமைத்த பலாக்கொட்டைக் கறி ஒருவர், மரவள்ளிக்கிழங்கு ஒருவர், நான் நெத்தலிக் கருவாடு. புகை மணத்தோடு சாப்பிட்ட அந்தச் சோறு இன்னும் நாக்கில் நிற்கிறது. காஸ் வந்தது, கறி போய்விட்டது, கல்குலேட்டர் வந்துவிட்டது. மாதத்தில் ஒரு வெள்ளியாவது அப்படி வைத்துப் பாரும்.


மருதானை நானா எழுதியது:

தங்கச்சி, அக்கா சொன்னதைச் செய்யுங்கள், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை. நீங்கள் சாப்பிடாத கோழிக்கு நீங்கள் காசு கொடுப்பது முறையில்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா. எங்கள் கலியாண வீடுகளில் சஹன் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பெரிய தட்டில் சோறு, நடுவில் கோழி, சுற்றிவர ஆறு பேர். யார் எத்தனை பிடி சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. என் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்தால் அவர் மூன்று பிடியோடு எழும்புவார், அவர் கோழித்துண்டு என் பக்கம் தானாக நகரும். எனக்கு ஒரு நாள் பல்வலி, என் துண்டு இன்னொருவர் பக்கம் போனது. சாப்பாட்டில் அப்படி ஓர் இடமும் இருக்க வேண்டும். எல்லா வெள்ளியும் ரசீது மாதிரி ஆகிவிட்டால் பிறகு ஏன் ஒன்றாய் உட்கார வேண்டும், அவரவர் மேசையிலேயே சாப்பிடலாமே.

உங்கள் அலுவலக நானாவுக்காக ஜும்ஆ முடியும் வரைக்கும் எல்லோரும் பசியோடு காத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொப்பியில் எந்தப் பக்கம் எழுதினீர்கள்?


சீஆர் கொப்பிக்காரி எழுதியது:

நானா, கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு முழுக்க யோசித்தேன்.


ஹட்டன் பொடியன் எழுதியது:

அக்கா, நான் நாலு வருடமாய்ப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் பில் போடுகிறேன். அதற்கு முன் கோட்டையில் ஓர் அலுவலகத்தில் பயிலுநராய் இருந்தேன். உங்கள் கதையை வாசித்தபோது எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது, பிழையென்றால் மன்னியுங்கள்.

உங்கள் பயிலுநர் பொடியன் வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகிறான் என்கிறீர்களே. நானும் "வங்கிக்கு"ப் போனவன்தான். எனக்கு அப்போது கொடுப்பனவு என்று தந்தது பஸ்ஸுக்கும் போடிங்குக்குமே சரி. முதல் வெள்ளி எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன், பங்கு கேட்டபோது அடுத்த வாரச் சாப்பாட்டுக் காசு முழுக்கப் போனது. அடுத்த வெள்ளியிலிருந்து பன்னிரண்டரைக்கு ஒரு கடித உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிவிடுவேன். கோட்டை ஸ்டேஷன் பக்கம் ஒரு மாலு பாண், ஒரு பிளேன்டீ. உறைக்குள் வெறும் கடதாசி. இரண்டரைக்குத் திரும்புவேன். ஏழு மாதம் ஒருவரும் கேட்கவில்லை.

மற்றது, நீங்கள் கோட்டையில்தான் வேலை என்றால் நடந்து வாற தூரத்தில் நாலாம் குறுக்குத் தெரு. பருப்பு, சீனி, வெங்காயம் எல்லாம் அங்கே மூட்டைக் கணக்கு. ஒரு கிலோ கேட்டுப் போய் நிற்காதீங்க, நாட்டாமைமார் தலையில் மூட்டையோடு வரும்போது நடுவில் நின்றால் ஏச்சுத்தான் விழும். போடிங்கில் இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து பத்துக் கிலோவாய் எடுத்துப் பிரியுங்கள். மரக்கறிக்கு மெனிங் சந்தையைத் தேடி வராதீங்க, அது 2020 கடைசியில் பேலியகொடைக்குப் போய்விட்டது. இன்னும் ஆட்கள் பழைய இடத்துக்கு வந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.


சீஆர் கொப்பிக்காரி எழுதியது:

தம்பி, எங்கள் அலுவலகத்தில் வங்கி வேலை செய்ய வேறு ஓர் ஐயா இருக்கிறார். இருபது வருடமாய் அவர்தான் போகிறார். இது எனக்கு நேற்று இரவு, உம்முடைய பதிலை வாசித்த பிறகுதான் மூளைக்குள் ஏறியது. நானும் கணக்குப் பகுதியாம்.

வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.


கொத்துப்பிரியன் எழுதியது:

காத்திருக்கிறோம். பகிடிக்குத்தான் அப்படிச் சொன்னேன், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.


சீஆர் கொப்பிக்காரி எழுதியது:

இரண்டு வெள்ளி போய்விட்டது. வேலை கூட, எழுத நேரம் கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தெஹிவளை அக்கா சொன்னபடியே வியாழக்கிழமை பின்னேரம், ஓடர் எடுக்கிற அண்ணாவிடம் "நாளைக்கு நான் எடுக்கவா?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். கடை மெனு, கடை இலக்கம், முட்டை போடாமல் என்று எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்ற ரகசியம் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ரகசியம் இதுதான்: "முட்டை போடாதீர்கள்" என்று சொல்லக் கூடாது, "இது கோவிலுக்குப் போகிற ஆளுக்கு" என்று சொல்ல வேண்டுமாம். வேலை செய்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக முட்டை இல்லாத சோறு.

வெள்ளி பன்னிரண்டு மணிக்குக் கொப்பியோடு புறப்பட்டேன். வீட்டுக் கொப்பி இல்லை, அதை யாரும் பார்க்கக் கூடாது, புதிதாய் ஒன்று. முதலில் பயிலுநர் தம்பியின் மேசை. உறை கையில் தயாராய் இருந்தது. உண்மையாகவே உறை! "தம்பி, உமக்கு என்ன? சிக்கன் 1,150, முட்டைக் கொத்து அரை 550, வெஜிடபிள் 950" என்று ஒரே மூச்சில் வாசித்தேன். அவன் உறையை ஒரு தரம் பார்த்தான், என்னை ஒரு தரம் பார்த்தான். "அரைக் கொத்து, அக்கா" என்றான். 550 ஐயும் எண்ணித் தந்தான். நான் வங்கியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உறை அன்று மேசை லாச்சிக்குள் போனது.

மற்றவர்களிடமும் அப்படியே போனேன். விலையைச் சத்தமாய்ச் சொல்லும்போது வந்த வித்தியாசத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று பேர் "அவ்வளவா?" என்று கேட்டு அரையாக மாற்றினார்கள். நீரிழிவு இருக்கிற ஒருவர் தனக்குச் சூப் மட்டும் போதும் என்றார். இத்தனை நாளும் அவரும் 1,850 கொடுத்துத் தட்டை இரண்டு கரண்டியோடு தள்ளி வைத்தவர்தான். நான் ஒருத்திதான் பாதிக்கப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பெரிய அதிசயம் கணவாய். ஹொட் பட்டர் கணவாய் 2,800 ரூபா, வாராவாரம் தவறாமல் வந்தது. பத்து மேசையும் சுற்றி முடித்துக் கொப்பியைப் பார்த்தால் கணவாய்க்கு நேரே ஒரு பெயரும் இல்லை. திரும்பவும் சுற்றினேன். "நீங்கள்தானே கணவாய்?" "இல்லையே, அது மனேஜருக்கு." மனேஜர் "நான் கடல் சாமானே தொடுவதில்லை, அலர்ஜி, அது நீங்கள் எல்லோரும் விரும்புவீர்கள் என்றுதான்" என்றார். சீனியர் அக்காவும் இல்லை, ஓடர் அண்ணாவும் இல்லை. இத்தனை மாதமாய் எங்கள் மேசைக்கு வந்துபோனது அநாதைக் கணவாய். எல்லோரும் யாரோ ஒருவருக்காக ஆளுக்கு முந்நூறு ரூபா கட்டியிருக்கிறோம்.

பில் 16,650 இலிருந்து 9,800 க்கு இறங்கியது, ஆளும் ஒன்று கூடி. டெலிவரிக்கு 250. அதை மட்டும் பத்தாய்ப் பிரித்து ஆளுக்கு 25 போட்டேன். சூப் மட்டும் எடுத்தவரும் 25, கோழி எடுத்தவரும் 25, அது எப்படி நியாயம் என்று ஒருவர் கேட்டார். சூப்காரர் கேட்கவில்லை, அரைக் கொத்துத் தம்பியும் கேட்கவில்லை. கேட்டவர் மனேஜர்.

சீனியர் அக்காவைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் கை தானாகப் போனை எடுத்தது, கல்குலேட்டரைத் திறந்தது, பிறகு பிரிக்க ஒன்றும் இல்லை என்று மூடியது. கொஞ்சம் பாவமாய் இருந்தது. அதனால் அடுத்த வெள்ளிக்கு ஆளுக்கொரு கறி என்ற யோசனையை நான் சொல்லாமல், அவரிடம் மெதுவாய்ச் சொல்லி அவரையே குறூப்பில் போட வைத்தேன். பத்து நிமிடத்தில் யார் எந்தக் கறி என்று பட்டியலே போட்டுவிட்டார், எனக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி என்று அவரே தீர்மானித்தும் விட்டார். மருதானை நானா, அந்த வெள்ளி கொப்பியை நான் லாச்சியை விட்டு எடுக்கவே இல்லை. எங்கள் அலுவலக நானா வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வந்தது. முட்டை இருக்கிறது என்று தொடாமல் இருந்தேன். ஒரு துண்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு, "இது நாளைக்கு, நாளைக்குச் சனிக்கிழமைதானே" என்று பையில் வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பல் தீட்டிய கையோடு சாப்பிட்டேன். அறைத்தோழிக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். ஒரு கரண்டிதான்.

பயிலுநர் தம்பி என்ன கொண்டுவந்தான் தெரியுமா? போடிங்கில் குசினி இல்லை என்று இரண்டு றாத்தல் பாண் வாங்கி வந்தான். பருப்புக்கும் பால்கறிக்கும் அதைத் தொட்டுத்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள், சோறு பாதி மிஞ்சிவிட்டது. மிஞ்சிய சோற்றை யார் கொண்டுபோனது என்று கேட்காதீர்கள். இரவுச் சாப்பாடு எனக்கு மிச்சம்.

ஒரே ஒரு சிக்கல். முதல் வெள்ளி மனேஜருக்கு வந்தது 1,540 ரூபா. அவர் 1,500 தந்து, "40 ரூபா சில்லறை இல்லை, நாளைக்கு" என்றார். நாளைக்குச் சனிக்கிழமை. திங்கள் மறந்துவிட்டார். செவ்வாய் நான் அவர் அறைக்குள் போய் நின்றுவிட்டு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது பதினைந்து நாள். அந்த 40 ரூபாவை என் காசில் போட்டுத்தான் கடைக்குக் கொடுத்தேன், ஆகவே வீட்டுக் கொப்பியில் ஏறிவிட்டது, இறக்கவும் முடியவில்லை. வாராக் கணக்கன் அண்ணா, உயர்தரத்தில் படித்ததை வைத்துக் கேட்கிறேன்: இதை ஐயக்கடனில் போடுவதா, அறவிட முடியாக் கடனில் போடுவதா?


வாராக் கணக்கன் எழுதியது:

ஆள் இன்னும் அதே அலுவலகத்தில் இருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார். ஐயக்கடன்தான். ஆண்டு முடிவு வரைக்கும் பொறுங்கள்.


தெஹிவளை அக்கா எழுதியது:

தங்கச்சி, அந்தக் கத்தரிக்காய்ப் பால்கறியை எப்படி வைத்தீர்? பொரித்தா, சும்மாவா?


சீஆர் கொப்பிக்காரி எழுதியது:

சும்மாதான் அக்கா. பொரித்தால் எண்ணெய்க்கு யார் கணக்குச் சொல்வது?